இடது மூலையில் இரண்டு தட்டு

சான் டியேகோ
9 அக்டோபர் 1996

அன்புள்ள ரோலண்ட்,

மூன்று தடவை போன் செய்தேன். முதல் தடவை நீயே எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். இரண்டாவது தடவை உன் பெண்டாட்டி ஷெரீஸ் எடுத்து, "அவரு குளிக்கிறாரு வெர்னல்" என்றாள். பின்னாலிருந்து நீ "நான் ஊர்லயே இல்லேன்னு சொல்லு" என்று கத்தியது பசிபிக் கடல் வரைக்கும் கேட்டது. மூன்றாவது தடவை இமானி. "அப்பா உங்களோட பேச மாட்டாராம். நான் பேசலாமாம்" என்று சொல்லிவிட்டு, தன் முன்பல் விழுந்த கதையை இருபது நிமிடம் சொன்னாள். இமானியின் ஞானஸ்நானத்தில் எனக்குக் கொடுத்த ஞானத்தகப்பன் என்ற பதவியை நீ இன்னும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவாய், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். மருந்துப் புட்டியின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிறவன் நீ.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. இடது முழங்காலில் மூன்று தடவை கத்தி வைத்தாகிவிட்டது. ஒமாஹா கூடைப்பந்து அணியில் உன்னோடு பதினோரு வருடம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினேன், அதில் ஒரு வருடம்கூட கோப்பைக்கான பிளே-ஆஃபின் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. இந்த சான் டியேகோக்காரர்கள் போன வருடம் இறுதி ஆட்டம் வரை போனவர்கள். ஜூலையில் கூப்பிட்டார்கள். "வயசான ஆளு ஒருத்தர் தேவைப்படுது, பசங்களுக்கு நிதானம் சொல்ல" என்றார்கள். வயசானவன் என்று சொன்னதுகூட வலிக்கவில்லை. ஒரு மோதிரம், ரோலி. சாம்பியன்களுக்குக் கொடுக்கிற அந்தக் கேவலமான பெரிய மோதிரம். அதைப் போட்டுக்கொண்டு ஒரு தடவையாவது சர்ச்சுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இதில் என்ன துரோகம் இருக்கிறது, சொல்.

டிசம்பர் ஏழாம் தேதி உங்கள் அரங்கில் ஆட வருகிறோம். அதற்குள் உன் கோபம் தீர்ந்துவிட வேண்டும்.

வெர்ன்

பி.கு: என் பச்சைக் குளியல் செருப்பை உடைமாற்றும் அறையிலேயே விட்டுவிட்டேன். உன் அலமாரிக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்கும். அனுப்பி வை. இங்கே கொடுத்த செருப்பு பாதத்துக்குச் சேரவில்லை.


ஒமாஹா
21 அக்டோபர் 1996

திரு. வெர்னல் பெட்டிவே அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. செருப்பைக் குப்பையில் போட்டாகிவிட்டது.

நீ போனது துரோகம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. போனதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்கிறேன், கேள். ஜூலை பதினான்காம் தேதி. உனக்குப் பிடித்த விலா எலும்பைச் சுட்டுத் தர முந்தின நாளே மசாலாவில் ஊறவைத்திருந்தேன். கரி வாங்க டாட்ஜ் தெருவில் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். ரேடியோவில் விளையாட்டுச் செய்தி. "பெட்டிவே சான் டியேகோவுக்குப் போகிறார்" என்றான். அடுத்த வரியில் சோளத்தின் விலை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, சோளத்தின் விலையை முழுவதும் கேட்டேன்.

இன்னொன்று. 1992-ஐ நீ மறந்திருப்பாய், எனக்கு மறக்காது. அந்த வருடம் கிழக்கிலிருந்து ஒரு பெரிய அணி என்னைக் கூப்பிட்டது. உன்னை இல்லை, என்னை. டென்வர் விமான நிலையத்தில் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "ரெண்டு பேரும் சேர்ந்து ஜெயிப்போம். இல்லேன்னா சேர்ந்தே தோப்போம். என்னை விட்டுட்டுப் போயிடாதடா." நான் போகவில்லை. அந்த அணி அந்த வருடம் கோப்பையை வென்றது. என் இடத்தில் ஆடியவன் கையில் அந்த மோதிரம் இருக்கிறது. அவனுக்கு மூலையிலிருந்து பந்து போடவே தெரியாது.

சேர்ந்து தோற்பதற்கு நான் இருந்தேன். ஜெயிக்கப் போகிறபோது உனக்கு ஒரு போன் செய்யக்கூட நேரமில்லை.

டிசம்பர் ஏழாம் தேதி வருகிறாய் என்று அட்டவணையில் நானும் பார்த்தேன்.

ரோலண்ட் டிக்கர்சன்


சான் டியேகோ
10 டிசம்பர் 1996

ரோலி,

இதுவரை அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் நாற்பது தடவை போட்டுவிட்டார்கள். நேற்று பல் டாக்டரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அவரும் அதைத்தான் கேட்டார்.

நீயே சொல், நான் செய்தது மனிதன் செய்யக்கூடிய காரியமா? ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம். நாலு நொடி பாக்கி. உங்கள் ஆள் போட்ட பந்து வளையத்தில் பட்டு என் கைக்கு வருகிறது. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தால்கூட ஆட்டம் முடிந்திருக்கும். உங்கள் ஆட்கள் இரண்டு பேர் என் மேல் விழுகிறார்கள். அப்போது இடது மூலையிலிருந்து உன் கைதட்டல், தட், தட்.

பதினோரு வருடமாக அதே அரங்கம், அதே மூலை, அதே இரண்டு தட்டு. "நான் தனியா நிக்கிறேன், போடு" என்று அர்த்தம். நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது, சத்தம் வந்த பக்கம் எறிவேன். அன்றைக்கும் எறிந்தேன். பந்து கையை விட்டுப் போன பிறகுதான், நான் வேறு நிறச் சட்டை போட்டிருக்கிறேன் என்பது மண்டையில் உறைத்தது. உனக்கென்ன, அழகாக வாங்கி அழகாக மூன்று புள்ளி போட்டாய். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் நீங்கள் வென்றீர்கள். அந்த எறி இந்த வருடம் நான் எறிந்ததிலேயே சிறந்த எறி, அதுதான் கொடுமை.

கோச் ஒரு வார்த்தை திட்டவில்லை. விமானத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வெர்னல், உண்மையச் சொல்லு, நீ எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம். இங்கே இருக்கிற பொடியன்கள் இப்போது பயிற்சியில் ஆளுக்கு ஆள் கை தட்டிக் காட்டுகிறார்கள். நானும் சிரிக்கிறேன். உள்ளே சிரிப்பு வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் உன்னிடம் வந்தேன். முழங்காலை ஊறவைக்க ஐஸ் தொட்டிக்குப் போய்விட்டாய் என்றார்கள். வாசலில் கால் மணி நேரம் நின்றேன். நீ வெளியே வரவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

ஒரே ஒரு கேள்வி. நான் பழக்கத்தில் எறிந்தேன். நீயும் பழக்கத்தில்தான் தட்டினாயா? இல்லை, தெரிந்தே தட்டினாயா?

எது என்றாலும் சொல். தெரியாமல் இருப்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

வெர்ன்


ஒமாஹா
2 ஜனவரி 1997

பெட்டிவே,

கை சும்மா இருக்காது. பதினோரு வருடப் பழக்கம். அவ்வளவுதான்.

ஊரில் என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். கசாப்புக் கடைக்காரர் ஒரு முழு விலாவை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து உன்னையும் என்னையும் பதினோரு வருடமாகத் திட்டுகிற திருமதி வோன்த்ரா முதல் தடவையாக என்னைப் பாராட்டினார். ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான். போன வாரம் பழையபடி, "டேய் டிக்கர்சன், என் பிரிட்ஜ்கூட உன்னவிட வேகமா நகரும்டா!" என்று ஆரம்பித்துவிட்டார். காது குளிர்ந்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஒன்பது ஆட்டம் ஆடினோம். ஒன்பதும் தோல்வி.

இமானிக்கு நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் சைக்கிள் வந்தது. பனியில் ஓட்ட முடியாது என்பதால் வீட்டுக்குள் ஓட்டுகிறாள். சுவரெல்லாம் கோடு. ஷெரீஸ் உன்னை நினைக்காத நேரமில்லை, நல்ல விதமாக இல்லை.

உன் அலமாரியை யாருக்கும் கொடுக்கவில்லை. புதிதாக வந்த ஒருவன் பையை வைத்தான். "அது ஈரம்" என்று சொல்லி எடுக்க வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த ஏழாம் தேதி விஷயமாக இன்னொன்று எழுத உட்கார்ந்தேன். வேண்டாம், விடு.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆட்டத்தில் வலது பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறாய். ஐஸ் வை.

ரோலண்ட்


சான் டியேகோ
28 ஜனவரி 1997

அன்புள்ள ரோலி,

"ஐஸ் வை" என்று எழுதியிருந்தாய். வைத்தேன். முழங்காலைவிட மனசுக்குத்தான் இதமாக இருந்தது.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இங்கே ஒரு ஆட்டத்துக்கு எட்டு நிமிடம்தான் ஆடுகிறேன். மீதி நேரம் பெஞ்சின் கடைசியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஜெயிப்பது ருசியாக இருக்கிறதடா. நாற்பத்தைந்து ஆட்டத்தில் முப்பத்தி நாலு வெற்றி. காலையில் எழுந்திருக்கும்போதே பசி எடுக்கிறது. கோப்பை ஒன்றும் பெரிதில்லை, கூட இருக்கிற ஆட்கள்தான் முக்கியம் என்று நாம் பேட்டிகளில் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறதா? பாதி உண்மை. எட்டாத திராட்சை புளிக்கும் என்கிற கதை மீதிப் பாதி.

1992-க்கு வருகிறேன். நான் மறக்கவில்லை. மறந்த மாதிரி நடந்துகொண்டேன், ஏனென்றால் வெட்கமாக இருந்தது. டென்வரில் நான் பேசியதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தேன். உண்மை என்னவென்றால் பயம். நீ போய்விட்டால் நான் யாருக்குப் பந்து எறிவது? உன் மோதிரத்தை நான்தான் கெடுத்தேன், ரோலி. ஜூலையில் உனக்குப் போன் செய்யாததற்கும் அதுதான் காரணம். போனை எடுத்தேன். உனக்கு நான் சொன்ன வார்த்தையையே நீ திருப்பிச் சொல்வாய், அதற்கு என்னிடம் பதில் இருக்காது என்று வைத்துவிட்டேன். மன்னித்துவிடு. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது ஒரு செய்தி. எங்கள் அணியில் மூலையிலிருந்து பந்து போடுகிறவன் கையை ஒடித்துக்கொண்டான். இந்த சீசனுக்கு வர மாட்டான். கோச் என்னிடம், "உனக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது?" என்று கேட்டார். வாய் திறப்பதற்குள் அவரே, "நீ யார் பேரச் சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியும். உன்கிட்டருந்து பந்து வாங்கத் தெரிஞ்ச ஒரே ஆளு" என்றார். கிண்டல்தான். ஆனால் நிஜமாகத்தான் கேட்கிறார்.

உங்கள் நிர்வாகத்திடம் போய், ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொல். மார்ச் ஒன்றாம் தேதிக்குள் விடுவித்தால்தான் வேறு அணிக்காக பிளே-ஆஃப் ஆட முடியும், விதி உனக்குத் தெரியும். ஒமாஹா இந்த வருடம் எங்கேயும் போகப் போவதில்லை. உனக்கும் முப்பத்தி நாலு.

வா.

வெர்ன்


ஒமாஹா
12 பிப்ரவரி 1997

வெர்னல்,

டென்வரைப் பற்றி நீ எழுதிய பத்தியை ஷெரீஸிடம் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். "அஞ்சு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது இதுதானா? இத ஒரு பீரை வெச்சுப் பேசி முடிச்சிருக்கக் கூடாதா?" என்றாள். அவள் சொல்வது சரி. அந்தக் கணக்கு தீர்ந்தது. இனி நான் அதை எடுக்க மாட்டேன்.

ஆனால் நான் வர மாட்டேன்.

தானே கேட்டு வெளியே போனவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். மார்ச் 14-ஆம் தேதி எனக்காக ஒரு விழா வைத்திருக்கிறார்கள். "பன்னிரண்டு வருடம், ஒரே சட்டை" என்று என் முகத்தைப் போட்டு ஊர் முழுக்கச் சுவரொட்டி. முதலாளி என் தோளில் கை போட்டு, "நீ இங்கதான் முடிக்கிற டிக்கர்சன், இது என் வாக்கு" என்றார். என் சட்டையை அரங்கத்தின் கூரையில் தொங்கவிடுவார்களாம். திருமதி வோன்த்ரா தலையைத் தூக்கி, என் சட்டையையும் திட்டுவார்.

இந்த ஊரில் பெட்ரோல் போடப் போனால் என் முழங்காலை விசாரிக்கிறார்கள். ஒன்பது ஆட்டம் தோற்றாலும் பத்தாவது ஆட்டத்துக்குப் பனியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் போய், "நீங்கள் தோற்கிறவர்கள், நான் கிளம்புகிறேன்" என்று எப்படிச் சொல்வது? உன்னால் முடிந்தது. தப்பு என்று இப்போது சொல்லவில்லை. என்னால் முடியாது.

சில நாள் காலையில், இது விசுவாசமா அல்லது புது இடத்துக்குப் போகப் பயமா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. நீ உன் பயத்தைச் சொன்னாய் அல்லவா, நானும் சொல்லிவிட்டேன்.

மோதிரத்தை வாங்கிக்கொண்டு வா. விலா எலும்பு ஊறவைக்கிறேன். இமானி அதைப் போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

ரோலண்ட்


ஒமாஹா
22 பிப்ரவரி 1997, விரைவுத் தபால்

வெர்ன்,

நீ செய்தியில் பார்த்திருப்பாய். அப்போதிலிருந்து எட்டுத் தடவை போன் அடித்திருக்கிறாய் என்று ஷெரீஸ் சொன்னாள். எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. நான் சொல்ல வேண்டியதைக் குரலில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முந்தாநாள் காலையில் கிளப் சொல்லி ஒரு பள்ளிக்கூட நூலகத்தைத் திறந்துவைக்கப் போனேன். ரிப்பன் வெட்டினேன், கேக் சாப்பிட்டேன், எண்பது சுவரொட்டியில் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது டாட்ஜ் தெரு. ரேடியோவில் விளையாட்டுச் செய்தி. "டிக்கர்சனை பஃபலோ அணிக்குக் கொடுத்து, ஒரு இளம் ஆட்டக்காரரை ஒமாஹா வாங்கியிருக்கிறது." அணி மாற்றுவதற்குக் கடைசி நாள் அன்றுதான். சத்தியமாகச் சொல்கிறேன் வெர்ன், அடுத்தது சோளத்தின் விலை. இந்த ஊரில் எனக்கு எல்லாமே ரேடியோ வழியாகத்தான் தெரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறது போல. வண்டியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன்.

முதலாளியை நேரில் போய்ப் பார்த்தேன். "வியாபாரம் டிக்கர்சன், மனசுல வெச்சுக்காத" என்றார். கேட்டு வெளியே போக மாட்டேன் என்று உனக்கு எழுதினேன். என்னை யாரும் கேட்கவே இல்லை.

அலமாரியைக் காலி செய்யும்போது திருமதி வோன்த்ரா வாசலில் நின்றிருந்தார். எப்படி உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. "அவனுங்கள நான் பாத்துக்கறேன். நீ எங்கயாவது போய் ஜெயிச்சுட்டு வா, டிவியில பாக்கறேன். நின்னுக்கிட்டே இருக்காம கொஞ்சம் ஓடு" என்றார். என் கன்னத்தைத் தட்டிய கை ஐஸ் மாதிரி இருந்தது. நான் விட்டுப் போகக் கூடாது என்று நினைத்த ஆட்களே என்னைப் போ என்கிறார்கள்.

பஃபலோவுக்கு நான் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது என் ஒப்பந்தம் முடிகிற தேதி மட்டும்தான், இந்த சீசனோடு முடிவதால் அடுத்த வருடச் சம்பளம் மிச்சம். இருபத்தாறாம் தேதி விடுவிக்கிறார்களாம். மார்ச் ஒன்றுக்கு முன்பே. உன் கோச் நேற்று பேசினார். இடம் இன்னும் இருக்கிறது என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஏனென்றால் முதலில் நீ பதில் சொல்ல வேண்டும்.

டிசம்பர் ஏழாம் தேதி நான் பழக்கத்தில் தட்டவில்லை. தெரிந்தே தட்டினேன். உன் கையில் பந்து வந்தது, உன் முதுகு என் பக்கம் இருந்தது. தட்டினால் எறிவாய் என்று எனக்குத் தெரியும். அது யாருக்குமே தெரியாத, எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஜூலைக்குப் பழிவாங்கினேன். பந்து என் கைக்கு வந்தபோது சந்தோஷமாக இருந்தது. நீ திரும்பினாய், உன் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஐஸ் தொட்டிக்குப் போய் ஒளிந்துகொண்டேன். நீ வாசலில் நின்றது எனக்குத் தெரியும். உன் இருமல் கேட்டது.

ஆட்டத்தில் யாரும் யாரையும் ஏமாற்றலாம். ஆனால் அந்த இரண்டு தட்டு ஆட்டத்தைச் சேர்ந்தது இல்லை, நம்முடையது. நீ அதைத் திரும்பிப் பார்க்காமல் நம்பினாய். பிறகு நீ நேராகக் கேட்டபோதும் பொய் சொன்னேன்.

ஆகவே கேட்கிறேன். இப்படிச் செய்தவனுக்கு உன்னால் இனிமேல் பார்க்காமல் பந்து எறிய முடியுமா? முடியாது என்றால் சொல்லிவிடு, நான் வரவில்லை. தட்டும்போதெல்லாம் நீ திரும்பிப் பார்ப்பாய் என்றால், எனக்கு அந்த மோதிரம் வேண்டாம்.

செருப்பைக் குப்பையில் போடவில்லை. அதுவும் பொய்தான்.

ரோலி


சான் டியேகோ
24 பிப்ரவரி 1997, விரைவுத் தபால்

டேய் ரோலி,

உன் கடிதத்தை ஒரு உணவகத்தில் காலைச் சாப்பாட்டு மேஜையில் படித்தேன். முதலாளி வரும் இடத்தில் மேஜையைக் குத்தினேன், காப்பி கொட்டியது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அன்றைக்கே எனக்குச் சந்தேகம். உன் "கை சும்மா இருக்காது" கடிதம் வந்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. உனக்குப் பொய் எழுத வராது. ஏழு வார்த்தையைத் தாண்டவில்லை.

சரி, கோபம் வந்ததா? வந்தது. ஜனவரியில் ஒரு வாரம் உன்னைத் திட்டிக்கொண்டே ஓடினேன். அதன் பிறகு அந்தப் படத்தை நாற்பத்தோராவது தடவை போட்டார்கள். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். நீ இடது மூலையில் நிற்கிறாய். உன்னைச் சுற்றிப் பத்தடிக்கு ஒரு ஆள் கிடையாது.

இரண்டு தட்டுக்கு என்ன அர்த்தம்? "நான் தனியா நிக்கிறேன்." பதினோரு வருடத்தில், உன்னை மறித்து ஒருத்தன் நிற்கும்போது நீ ஒரு தடவைகூடத் தட்டியது இல்லை. அன்றைக்கும் நீ தனியாகத்தானே நின்றாய்? ஜூலையிலிருந்தே தனியாகத்தான் நின்றாய். தனியாக விட்டுப் போனவன் நான். நீ தட்டியதில் என்ன பொய் இருக்கிறது?

எறிந்ததுதான் என் தப்பு. சட்டையைப் பார்த்து எறிந்திருக்க வேண்டும்.

மோதிரம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. எதிரே இருக்கிறவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. நீயும் நானும் சேர்ந்தால் இரண்டு நல்ல முழங்கால்கூடத் தேறாது. தோற்றாலும் தோற்போம். அது நமக்கு வராத வித்தையா?

கோச்சிடம் நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. என் பக்கத்து அலமாரியில் ஒரு பொடியன் பையை வைத்திருந்தான். "அது ஈரம்டா" என்றேன். எடுத்துவிட்டான்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் பயிற்சி. ஷெரீஸையும் இமானியையும் பள்ளி விடுமுறைக்கு அழைத்துக்கொள்ளலாம், சைக்கிள் ஓட்ட இங்கே கடற்கரை இருக்கிறது. செருப்பை மறக்காதே.

இடது மூலையைக் காலியாக வைத்திருக்கிறேன். போய் நின்று தட்டு. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

வெர்ன்